வெளிச்சத்தில் சூடு பார்த்த வேலை

சூட்டைத் தொடாமல் சொல்வது என் தொழில். தொட்டுச் சொல்கிறவனை எல்லோரும் நம்புவார்கள். பார்த்துச் சொல்கிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். மீட்டரைப் பார்த்து வேலை செய்து, மீட்டரை நம்பாத மேனேஜரிடம் பேச்சு வாங்கியவர் நீங்கள் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

எரியும், சுடாது

எண்பதுகளில் கோயமுத்தூரில் ஒரு பவுண்டரியில் இருந்தேன். இரும்புத் துண்டைப் பொறி பறக்க எரித்து, அந்த வெளிச்சத்தைப் பிரித்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து ஒரு பெரிய இரும்புத் தொட்டி வாங்கிப் போட்டிருந்தார். அதற்குள் துணி ரோலை நிற்க வைத்து, கதவை மூடி, காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். மிச்சம் இருக்கிற கொஞ்சம் காற்றில் கரண்டைப் பாய்ச்சினால் தொட்டி முழுக்கக் கத்திரிப்பூ நிறத்தில் எரியும். பிளாஸ்மா என்பார்கள். அந்த வெளிச்சம் பஞ்சின் மேலிருக்கிற மெழுகை மட்டும் தின்றுவிடும். உள்ளே போகும் முன் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்து மாதிரி நிற்கும். வெளியே வந்த பிறகு விட்டால் இருந்த இடம் தெரியாது. கொதிக்க வைத்து, மருந்து போட்டு, ஆற்றில் விடுகிற தண்ணீர் மிச்சம். முதலாளியின் கணக்கு அது.

உள்ளே எத்தனை டிகிரி என்பதுதான் சிக்கல். சூடு பார்க்கிற கம்பியை உள்ளே விட்டால் கரண்டு அந்தக் கம்பியையே பிடித்துக்கொள்ளும், எண் தாறுமாறாக வரும். அதனால் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு படிகக் கண்ணாடி ஜன்னல், அதற்கு எதிரே வெளிச்சத்தைப் பிரிக்கிற என் பெட்டி, பெட்டியின் முனையில் தாளில் கோடு போடுகிற பேனா. காற்றிலிருக்கிற நைட்ரஜன் மூலக்கூறு சுற்றிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற வேகமாகச் சுற்றும். அதன் வெளிச்சத்தைத் தாளில் வரைந்தால் ஒரு தலையும் ஒரு வாலும் விழும். வால் குட்டையாக இருந்தால் ஆறியிருக்கிறது, நீண்டால் சூடேறுகிறது. இவ்வளவுதான் வித்தை. இதில் ஒரு சங்கடம், நான் படிக்கிற அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் கத்திரிப்பூ நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் அதற்குப் பக்கத்தில் இருக்கிற, யாருக்கும் தெரியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் முதலாளி ஜன்னலில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கன்னம் ஊதாவாகிவிட்டது. எத்தனை டிகிரி என்றார். குளிக்கிற வெந்நீர் அளவு என்றேன். துணியை எடுத்துக் காட்டினேன், ஒரு நூல் கருகவில்லை. தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எரியுது, ஆனாச் சுடலை. இதை எங்கம்மாகிட்டச் சொன்னா மந்திரிச்சுட்டு வரச் சொல்லுவாங்க சார்."

கதவுக்காரி

தொட்டிக் கதவைத் திறந்து மூடுகிற வேலை சரசுவுடையது. அவள் புருஷன் வேறொரு மில்லில் துணி காயவைக்கிற மெஷினில் இருந்தவன். உள்ளே புகைந்துகொண்டிருந்தது தெரியாமல் கதவைத் திறந்திருக்கிறான். தீ முகத்துக்கே வந்தது. பிழைக்கவில்லை.

எங்கள் தொட்டியிலும் அதே ஆபத்து உண்டு. வெளிச்சம் நிதானமாக எரிகிற வரை பயமில்லை. ஏதாவது ஒன்று கெட்டு உள்ளே சூடேறினால், துணி கருகும், ஆனால் தீப்பிடிக்காது. தீப்பிடிக்கக் காற்று வேண்டும், உள்ளே அதற்குப் போதுமான காற்று இல்லை. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. வால்வைத் திருகிக் காற்றை உள்ளே விடுகிற நிமிஷம்தான் பற்றும். அப்போது கதவுக்கு நேரே நிற்கிற ஆள் சரசு.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். வெளிச்சத்தை அணைக்கும் முன் நான் கடைசியாக ஒரு வாலை வரைந்து பார்ப்பேன். அவள் வால்வில் கை வைத்து, "ஆறிடுச்சுங்களா?" என்பாள். "ஆறிடுச்சு, தெற" என்று நான் சொன்னால்தான் கை அசையும். தினமும், ஒவ்வொரு ரோலுக்கும். எரிச்சலாக இருக்கும். ஒரு நாள், உனக்கு இந்த வேலை எதற்கு, தையல் பக்கம் மாற்றிவிடச் சொல்கிறேன், வேறு ஆள் போட்டுக்கொள்ளட்டும் என்றேன். அவள் வால்வைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வேற ஆளு போட்டா, கேக்காமத் தெறந்து போடுவாங்க சார்."

இரண்டு காய்ச்சல்

மெட்ராஸிலிருந்து ஒரு பையிங் ஏஜெண்ட் வந்தார். டை கட்டின ஆள். வெளிநாட்டுக்காரனுக்கு எழுதி அனுப்ப வேண்டும், எத்தனை டிகிரி என்று ஒரே எண் கொடுங்கள் என்றார். ஒரே எண் கிடையாது என்றேன். உள்ளே ஓடுகிற எலெக்ட்ரானுக்குச் சூரியனை விடச் சூடு. அதே இடத்தில், அதே நேரத்தில், காற்றுக்கு வெந்நீர்ச் சூடு. இரண்டும் ஒன்றையொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் ஒன்றின் சூடு மற்றதற்கு ஏறுவதில்லை.

அவர் பேனாவை மூடிவிட்டார். ஜன்னல் பக்கமிருந்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காபி வந்தது, குடிக்கவில்லை. போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஒரே உடம்புல ரெண்டு காய்ச்சல்னா, சார், அந்த உடம்புல ரெண்டு பேர் இருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

கரண்டு போன பிறகு

என் பெட்டிக்கு வெளி வெளிச்சம் ஆகாது. அதனால் தொட்டி ரூமுக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு.

ஒரு மத்தியானம் சிலிண்டரிலிருந்து சுத்தமான நைட்ரஜனை மட்டும் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். கரண்டு போனது. பக்கத்து ஷெட்டில் நிட்டிங் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அந்தச் சத்தத்திலேயே இருந்து பழகினவர்களுக்கு அது நின்றால் காது வலிக்கும். பம்பு நின்றது. என் பேனா நின்றது. ரூமில் இருந்த ஒவ்வொரு விளக்கும் அணைந்தது. தொட்டி மட்டும் அணையவில்லை.

நிறம் மாறியிருந்தது. கத்திரிப்பூ போய், பழுத்த எலுமிச்சை மாதிரி ஒரு மஞ்சள். ஓரம் மங்கி, நடுவில் அசைந்தது. தொட்டியின் கண்ணாடி ஜன்னலில் அது மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்தது. அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். நான், சரசு, மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் யூசுப் பாய். பாய் கை மெயின் சுவிட்சுக்குப் போய் அதைக் கீழே தள்ளியது. அது ஏற்கெனவே செத்த சுவிட்சு. மஞ்சள் அப்படியே நின்றது. எனக்குக் காரணம் தெரியும். உடைந்த நைட்ரஜன் அணுக்கள் திரும்ப ஜோடி சேரும்போது அந்த வெளிச்சத்தைக் கக்கும், சேர்ந்து முடிகிற வரை கக்கும். தெரிந்து என்ன, என் கழுத்து மயிரும் நட்டுக்கொண்டுதான் நின்றது. பிறகு யாரோ கண்ணை மூடுகிற மாதிரி மெல்ல அடங்கியது. இருட்டில் சரசுவின் குரல்: "ஏனுங்க சார், நாம நிறுத்துனது அதுக்குத் தெரியலீங்களா?"

சூடம்

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. தொட்டிக்கும் செய்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் பொட்டு வைக்காதே என்று கத்தி, வாசலில் நின்று காவல் காத்தேன். கண்ணாடியைக் காப்பாற்றிவிட்டேன். உள்ளே யார் என்ன வைத்தார்கள் என்று பார்க்கவில்லை.

பூஜை கழிந்து முதல் ரோல். காற்றை உறிஞ்சவே வழக்கத்தை விட ரொம்ப நேரமானது. பற்றவைத்தால் கத்திரிப்பூ நிறம் வரவில்லை. பச்சை. வெளுத்த, நோயாளிப் பச்சை. ரூமில் நின்ற அத்தனை பேர் முகமும் குளத்தில் ஊறின முகம் மாதிரி ஆகிவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் தரையைப் பார்த்தார்கள். என் தாளில் நைட்ரஜனின் வாலே தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடம் பூராவும் கரியின் வெளிச்சம் புகுந்து மேய்ந்திருந்தது. வால் தெரியாவிட்டால் சூடு தெரியாது, சூடு தெரியாவிட்டால் கதவு கிடையாது. நிறுத்தி, ஆறப்போட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் திறக்க விட்டேன். மூலையில் ஒரு வெற்றிலை மட்டும், காய்ந்து சருகாகி. அதன் மேல் யாரோ நாலைந்து கட்டிச் சூடத்தைக் கொளுத்தாமல் படையலாக வைத்திருக்கிறார்கள். காற்றில்லாத இடத்தில் சூடம் தானே ஆவியாகித் தொட்டி பூராவும் நிறைந்துவிட்டது. யார் வைத்தது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. யூசுப் பாய்தான் தொட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மத்த மிசினெல்லாம் பொட்டை வாங்கிட்டுச் சும்மா நிக்குது. இது ஒண்ணுதான் சார் வெச்சதைத் தின்னுட்டு முகத்துல காட்டுது."

காலித் தொட்டி

வாரத்துக்கு ஒரு தடவை துணி வைக்காமல், ஆர்கான் வாயுவை மட்டும் விட்டு ஓட்டிச் சுத்தம் செய்வோம். காலித் தொட்டியில் ஆர்கானைத் தவிர எதுவும் தெரியக் கூடாது. ஒரு தடவை தெரிந்தது. தாளில் ஊதாப் பக்கத்தில் கூராக ஒரு தலை எழும்பியது. அதைக் கரியும் நைட்ரஜனும் ஒட்டிப் பிறந்த மூலக்கூறு என்று எனக்கு நன்றாகத் தெரியும். பஞ்சில் கரி உண்டு, நைட்ரஜன் பேருக்குத்தான். இரண்டும் சேர்ந்து தாராளமாக இருப்பது தோலில், முடியில், நகத்தில். இன்னும் கொஞ்சம் தள்ளி உப்பின் மஞ்சள் கோடு. வேர்வையில் இருக்கிற உப்பு.

ஜன்னலில் பார்த்தேன். ஒன்றுமில்லை. பாயைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுமில்லை. பேனா மட்டும் அந்தத் தலையை விடாமல் வரைந்துகொண்டிருந்தது. இது எங்கேயிருந்து வரும் என்று சரசு கேட்டாள். உயிருள்ளதில் இருந்து என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் விறுவிறுவென்று வெளியே போய், தையல் செக்ஷனில் எல்லோரும் இருக்கிறார்களா என்று தலையெண்ணிவிட்டு வந்தாள். எல்லோரும் இருந்தார்கள். அதற்குப் பிறகும் அவளுக்கு நிம்மதியில்லை. எனக்கும்தான்.

அணைத்துத் திறந்தோம். அடித்தட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி. கதவு திறந்திருந்த நேரத்தில் ஏறியிருக்கிறது. நாலு காலும் விரித்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது, தலையை ஜன்னல் பக்கம் திருப்பி. வெள்ளை வெளேரென்று, காகிதத்தில் வெட்டி ஒட்டின மாதிரி. பாய் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கனமே இல்லை. மின்விசிறிக் காற்றுக்கு நகர்ந்தது. அவர் கையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்: "இத்தனூண்டு உசுருக்கே இவ்வளவு வெளிச்சம்னா, இனிமே உள்ள நல்லாப் பாத்துட்டுக் கதவைச் சாத்தணும் சார்."

நீண்ட வால்

முதலாளி பம்பாய் போயிருந்தார். அவர் மச்சான் நடராஜ் மேனேஜர். சாம்பிள் துணி எடுத்துப் போக வாசலில் வேன் நின்றது. தொட்டியில் கடைசி ரோல்.

வால் நீண்டது. முதலில் கொஞ்சம், பிறகு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. வரைந்த கோடு எப்போதும் விழுகிற இடத்தில் விழாமல் தாளின் விளிம்பை நோக்கி ஊர்ந்தது. அணைத்துவிட்டேன். துணி நிற்கிற தட்டுக்குள் குழாயில் தண்ணீர் ஓடி அதைக் குளிர வைக்கும். அந்த வருஷம் போர்வெல் வற்றி லாரித் தண்ணீர் ஓட்டிக்கொண்டிருந்தோம். குழாய்க்குள் உப்பு இறுகி அடைத்துவிட்டது என்று பாய் பிறகு கண்டுபிடித்தார். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வால் நீண்டது மட்டும்தான்.

நடராஜ் வந்தார். தொட்டியின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தார். "ஜில்லுனு இருக்குது. தெற சரசு."

சரசு என் பக்கம் திரும்பினாள். "ஆறிடுச்சுங்களா?"

"இல்லை."

"எப்ப ஆறும்?" என்றார் நடராஜ்.

"தெரியாது."

"பாத்துச் சொல்றதுக்குத்தானே சார் நீங்க இருக்கறீங்க?"

"பார்க்கணும்னா பத்த வைக்கணும். பத்த வெச்சா இன்னும் சூடாகும்."

"அப்புறம் அந்தப் பொட்டி எதுக்கு?"

வெளிச்சம் இருக்கிற வரை உள்ளே இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். அணைந்துவிட்டால் நானும் சுவரைத் தடவுகிற ஆள்தான். காற்றில்லாத தொட்டி பிளாஸ்க் மாதிரி, உள்ளே எவ்வளவு சூடிருந்தாலும் சுவர் ஜில்லென்றுதான் இருக்கும். இருட்டுத் தொட்டி எங்கள் நடுவில் நின்றது. ஜன்னலில் எங்கள் முகம் மட்டும் தெரிந்தது. வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்தான்.

நடராஜ் வால்வுக்குக் கையை நீட்டினார். சரசு முந்திக்கொண்டாள். திருகுகிற கைப்பிடியைக் கழற்றி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டிக் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு வேலைக்கு வரணுமா வேண்டாமா?" என்றார் அவர். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "வரணுமுங்க. வர்றதுக்கு மூஞ்சி வேணுமுங்களே."

மறுநாள் காலை

வேன் காலியாகப் போனது. மறுநாள் காலையில் முதல் ஷிப்டுக்கு எல்லோரும் வந்தோம். நடராஜும் வந்தார், முகம் கொடுக்கவில்லை. சரசு கைப்பிடியை இடுப்பிலிருந்து எடுத்து மாட்டினாள். "ஆறிடுச்சுங்களா?"

"தெரியலை" என்றேன். அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நேரா நிக்காதே. கீல் பக்கம் நில்லு."

காற்றுக்குப் பதிலாக, எதையும் எரிய விடாத நைட்ரஜனை விட்டுத் தொட்டியை நிரப்பினோம். சரசு பக்கவாட்டில் ஒதுங்கி, கதவை ஒரு கை அகலத்துக்கு இழுத்துவிட்டு நகர்ந்தாள். சத்தமில்லை. புகையில்லை. நடராஜ் எட்டிப் பார்க்கப் போனார், பாய் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே ரோல் நின்றுகொண்டிருந்தது. வைத்தது வைத்தபடி, மடிப்புக் கலையாமல். ஆனால் கரி. பின்னல் கண்ணி ஒவ்வொன்றும் தெரிந்தது, ஒரு கண்ணி கூட அறுந்திருக்கவில்லை. துணியின் நிழலை யாரோ நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. வாசல் காற்று மெல்ல உள்ளே போனது. ரோலின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அது நகர்ந்தது. கண்ணி கண்ணியாக, எதையோ தேடுகிற மாதிரி, மேலே ஏறியது. இன்னொரு புள்ளி. பிறகு ரோல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கதவிடுக்கில் நாக்கு மாதிரி ஒன்று வெளியே நீண்டு, ஒரு ஆளின் முகம் இருக்கிற உயரத்தில் நக்கிவிட்டு உள்ளே போய்விட்டது. பாய் மணல் வாளியைக் கொட்டினார்.

நடராஜ் எப்போது சரசுவுக்குப் பின்னால் போய் நின்றார் என்று தெரியவில்லை. சாம்பலின் அடியில் கடைசிப் புள்ளி அணைந்தது. சரசு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "ராத்திரி பூரா எனக்காகக் காத்துட்டு இருந்திருக்குதுங்க."

அந்த வேலையை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நான், அணைந்த அடுப்பைக் கண்டால் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன்.